மேல் பாத்தித் தண்ணீர்

எங்கள் தோட்டத்து வெண்டைக்காயை யாராவது பாராட்டினால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மாடி வீட்டுக்காரர்கள் பை நிறைய வாங்கிக்கொண்டு போகும்போது "உங்க கைராசியே தனி" என்பார்கள். அந்தக் கை என்ன செய்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒருத்தி இப்போது எங்கள் பக்கத்தில் குடியில்லை.

நாங்கள் மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்த இந்தத் தீவில், டாலிகஞ்சில் எங்களுக்குக் கிடைத்த அரசாங்கக் குவார்ட்டர்ஸ் ஒரு சரிவின் தலையில் இருக்கிறது. பின்பக்கப் படி இறங்கினால் சரிவு முழுக்கக் காலி நிலம். நாங்கள் வருவதற்கு முன்பே குடியிருப்போர் சங்கத்தார் அதில் மூங்கில் முளை அடித்து, வீட்டுக்கு ஒரு துண்டு என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். காய்கறி போட்டுக்கொள்ளலாம், கட்டடம் கட்டக்கூடாது என்பது ஏற்பாடு. பாதிப் பேர் காய்கறிக்குப் பதிலாகப் பழைய டயரும் உடைந்த நாற்காலியும் போட்டுவைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஆபீசில் கிளார்க். ஃபைலைவிடக் கனமான எதையும் தூக்கிப் பழகாதவர். ஆகவே எங்கள் துண்டு என் தலையில் விழுந்தது.

நான் ராமநாதபுரம் பக்கத்துக்காரி. ஊரைப் பற்றி எனக்கு ஒரு ஏக்கமும் கிடையாது. பத்து வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று குடம் சுமந்தவளுக்கு என்ன ஏக்கம் வரும்? அந்த ஊர் எனக்குக் கொடுத்தனுப்பிய ஒரே சீதனம், தண்ணீர் வீணாக ஓடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிற குணம். அதை நல்ல குணம் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வருஷம் மழை தொடங்குவதற்கு முன்னால், எங்கள் ஊரில் கட்டுவது மாதிரியே பாத்தி கட்டினேன். நடுவில் பள்ளம், சுற்றிலும் வரப்பு, விழுகிற ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது. கத்தரி நட்டேன். இந்தத் தீவில் மழை என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. வைகாசியில் பிடித்தால் மார்கழி வரைக்கும் விட்டு விட்டு அடிக்கும். காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும், நம்பித் துணியைக் காயப்போட்டு உள்ளே வருவதற்குள் கொட்டித் தீர்த்துவிடும். பதினைந்தே நாளில் என் பாத்திகளில் தவளை குடியேறியது. கத்தரி வேர் அழுகி, செடியைத் தொட்டால் கையோடு வந்தது.

அப்போதுதான் கீழ்த் துண்டிலிருந்து அவள் ஏறி வந்தாள். பெங்காலிக்காரி, ஏறக்குறைய என் வயது. சரிவின் அடியில், நாலா என்று சொல்கிற ஓடையின் ஓரத்தில், தகரம் வேய்ந்த ஒற்றை அறையில் மகளோடு இருந்தாள். குவார்ட்டர்ஸில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். அந்தக் கீழ்த் துண்டு அவளுடையதல்ல. தரைத்தள வீட்டுக்காரர் ஒருவர் தனக்கு வேண்டாம் என்று சொல்லி அவளைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். அவள் பேசியது தீவின் இந்தி. நான் பேசியது பாதி இந்தி, பாதி தமிழ். இருவருக்கும் புரிந்தது. இங்கே எல்லாவற்றையும் என் தமிழிலேயே எழுதுகிறேன்.

"தீதி, நீ செடிக்குத் தண்ணி குடுக்கல. முக்கிக் கொல்லுற" என்றாள். தீதி என்றால் அக்கா.

சொல்லிவிட்டு நிற்கவில்லை. என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, வரப்பை உடைத்து, பள்ளத்தை மேடாக்கி, மேட்டுக்கு இரண்டு பக்கமும் கால்வாய் இழுத்தாள். இங்கே செடி மேட்டில் இருக்கவேண்டும், தண்ணீர் பள்ளத்தில் ஓடவேண்டும். நான் செய்திருந்ததற்கு நேர் தலைகீழ். சரிவின் நடுவில் மேலிருந்து நாலா வரைக்கும் ஒரு பொது வாய்க்கால் போகிறது என்பதையும் அவள்தான் காட்டினாள். முதல் மழைக்கு முன்னால் அவரவர் துண்டை ஒட்டிய வாய்க்காலை அவரவர் தூர் வார வேண்டும், அதை மறிக்கக்கூடாது. இதுதான் அந்தச் சரிவில் பயிர் செய்கிறவர்களின் ஒரே சட்டம். எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனால் நாங்கள் நாலைந்து பேர் அதை மீறியதில்லை.

அவளுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரிந்ததற்குக் காரணம் இருந்தது. புருஷன் வீட்டு நெல் வயல் சிப்பிகாட் என்ற ஊரில் இருந்ததாம். கடல் உள்ளே ஏறி வந்த வருஷம் அந்த வயலுக்குள் வந்த தண்ணீர் திரும்பிப் போகவே இல்லை. இன்றைக்கும் அந்த வழியாக பஸ்ஸில் போனால், வயல் இருந்த இடத்தில் உப்புத் தண்ணீரும் பட்டுப்போன மரங்களும்தான் தெரியும். புருஷன் அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. இதையெல்லாம் அவள் என்னிடம் அழுது சொல்லவில்லை, நத்தை பொறுக்கிக்கொண்டே சொன்னாள். உள்ளங்கை அகல நத்தைகள் இங்கே மழை விட்டதும் படை திரண்டு வரும், ஒரே காலையில் ஒரு நாற்றங்காலைத் தின்றுவிடும். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கெட்டும் உப்புமாக விடியும்போதே இறங்கிவிடுவோம். நான் அவளைத் தீதி என்றேன், அவளும் என்னைத் தீதி என்றாள். யார் மூத்தவள் என்று கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. அந்தக் கீழ்த் துண்டைச் சங்கத்தில் தன் பேரில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தரைத்தள வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்து வேறு யாராவது குடிவந்தால், ஒரு வார்த்தையில் அவளை வெளியேற்றிவிடலாம். "இனிமே ஒரு மண்ணு என் காலுக்குக் கீழேருந்து போனா எனக்குத் தாங்காது தீதி. நீ குவார்ட்டர்ஸ்காரி. நீ சொன்னா கேப்பாங்க" என்றாள். கார்த்திகை கழிந்து நடக்கும் சங்கக் கூட்டத்தில் நான் அவளுக்காகப் பேசுவதாகச் சொன்னேன். வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் தை பிறந்துவிட்டால் எனக்கு அவள்மேல் பொறாமை வந்துவிடும். எட்டு மாதம் கொட்டிய வானம் தையில் வாயை மூடிக்கொள்ளும். மாசி பங்குனியில் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். குடிக்கவும் குளிக்கவுமே அது போதாது, செடிக்கு எங்கே போவது? மேலே இருந்த என் தக்காளி பூத்த நிலையிலேயே சுருண்டுவிடும். கீழே நாலா ஓரம் அவள் பாத்தியில் பங்குனி வரைக்கும் ஈரம் இருக்கும். அவள் பறித்துக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிற தக்காளியை நான் ரசம் வைத்துச் சாப்பிட்டேன். சாப்பிடும்போதே, இதெல்லாம் மேலிருந்து என் வழியாக இறங்கிப்போன தண்ணீர்தானே என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். சின்னப் புத்திதான். ஒத்துக்கொள்கிறேன்.

அவளுக்கு வாக்குக் கொடுத்த அதே நாலாவது வருஷம், ஆவணியில், நான் பள்ளம் வெட்ட ஆரம்பித்தேன். என் துண்டின் மேல் மூலையில், வாழைக் கூட்டத்துக்குப் பின்னால். இறங்கி நின்றால் மார்பளவு ஆழம், இரண்டு கட்டில் போடுகிற அகலம். யாரோ வீடு மாற்றிப் போகும்போது விட்டுப்போன நீலத் தார்ப்பாய் ஒன்று கிடந்தது, அதை உள்ளே விரித்தேன். பொது வாய்க்காலிலிருந்து ஒரு வெட்டு வெட்டி, மழைத் தண்ணீரைப் பள்ளத்துக்குத் திருப்பினேன். மழைக்காலத்தில் பிடித்துவைத்துப் பங்குனியில் குடம் குடமாக மொண்டு ஊற்றப்போகிறேன். எங்கள் ஊரில் ஊருணி என்று ஊரே கூடி வெட்டுவதை நான் ஒருத்தியே வெட்டிவிட்டதாக எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப்பார்த்து, "யாருக்கு இது, யானைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவள் வந்து பார்த்தாள். விளிம்பு மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தாள்.

"இந்த மண்ணு தண்ணியத் தாங்காது தீதி. உள்ள ஊறி ஊறி ஒருநாள் மொத்தமா எறங்கிடும். வழிய விடு. அது பாட்டுக்கு நாலாவுக்குப் போகட்டும்."

"உனக்கென்ன, நீ கீழ இருக்கே. உனக்குப் பங்குனியிலும் ஈரம்" என்றேன்.

"கீழ இருக்கறதாலதான் சொல்றேன்" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. தண்ணீருக்காகக் குடம் தூக்கிய கழுத்து உனக்குத் தெரியுமா, நீ தண்ணீரிலேயே பிறந்தவள், உனக்கு அதன் அருமை எப்படித் தெரியும் என்று என்னென்னவோ சொன்னேன். கடல் வயலைத் தின்றவளிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு அப்போது இல்லை. அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு இறங்கிப்போனாள். மறுநாள் காலையில் வழக்கம்போல நத்தை பொறுக்க வந்தாள். பள்ளத்தைப் பற்றி அதன்பிறகு பேசவில்லை.

கார்த்திகையில் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னார்கள். மெயின்லேண்டிலிருந்து வரவேண்டிய கப்பல் நின்றுபோனது. நாலைந்து நாளில் பஜாரில் காய்கறிக் கடைகளில் உருளைக்கிழங்கு மூட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. இந்த மாதிரி நாட்களைத்தான் அவள் வருஷம் முழுக்க எதிர்பார்த்திருப்பாள். அவள் பந்தலில் பாகலும் புடலையும் அந்த வருஷம் அப்படிக் காய்த்துத் தொங்கின. குனிந்துதான் உள்ளே போகமுடியும். "மழை கொஞ்சம் விடட்டும், நாளைக்கு அறுத்துடறேன். கூட்டத்துக்கு முன்னாடி சங்கத்து ஆளுங்க வீட்டுக்கெல்லாம் ஒரு கூடை குடுக்கணும்" என்றாள். காய் சாப்பிட்ட வாயால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

மழை விடவில்லை. மூன்றாம் நாள் முற்பகலில் நான் பின்பக்க ஜன்னலில் நின்று பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிரம்பித் தளும்பியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பங்குனி முழுக்கப் போதும் என்று நினைத்தேன். அப்போது வாழைக் கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காற்று என்று நினைத்தேன். காற்றில்லை. பள்ளத்தின் கீழ்ப்பக்கக் கரை அப்படியே நகர்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. தண்ணீரும் மண்ணும் வாழையும் என் வெண்டைப் பாத்தியும் ஒன்றாகக் கீழே இறங்கி, அவள் பந்தலைப் படுக்கவைத்து, அதன்மேல் ஏறி, நாலா ஓரத்தில் போய் நின்றன. எல்லாம் முடிய நான் செருப்பு தேடுகிற நேரம்தான் ஆகியிருக்கும். அவள் அப்போது பாத்திரம் தேய்க்க வந்து முன்பக்க பிளாக்கில் இருந்தாள். அவள் மகள் பள்ளிக்கூடம் போயிருந்தது. தகர வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவளைக் கூப்பிட ஓடியிருக்கவேண்டும். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கிழிந்து தொங்கிய நீலத் தார்ப்பாயை இழுத்துச் சுருட்டி, எங்கள் வீட்டுப் படிக்குக் கீழே திணித்தேன். பொது வாய்க்காலில் நான் வெட்டிய வெட்டை அடைத்தேன். பிறகு மிச்சமிருந்த அரைப் பள்ளத்தில் மேலிருந்து மண்ணைத் தள்ளித் தள்ளி மூடினேன். மழையில், முழங்கால் சேற்றில், யாராவது எட்டிப்பார்ப்பதற்குள் முடிக்கவேண்டும் என்று பேய் பிடித்த வேகத்தில் செய்தேன். ஒரு குடம் தண்ணீருக்காகக்கூட நான் அவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை. முடித்து நிமிர்ந்தபோது அங்கே ஒரு பள்ளம் இருந்ததாகவே தெரியவில்லை.

மத்தியானம் அவள் வந்து பார்த்தாள். ஒரு புடலங்காய் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது, அதை மட்டும் உருவி எடுத்தாள். பிறகு மேலே, வாழைக் கூட்டம் இருந்த இடத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலிலிருந்து விலகிக்கொண்டேன்.

கூட்டம் தள்ளிப்போகவில்லை, முன்னதாகவே நடந்தது. குவார்ட்டர்ஸுக்குக் கீழே மண் சரிந்தால் கட்டடத்துக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் பயம். ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு, மாடிகளிலிருந்து இறங்கி வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களில் மண்ணில் கால்வைத்தவர்கள் இரண்டு பேர் தேறமாட்டார்கள். அவள் தூண் ஓரமாக, முக்காடு போட்டு நின்றாள். செகரட்டரி அவளிடம், பந்தல் கால் நடச் சரிவின் அடியில் எவ்வளவு ஆழம் தோண்டினாய் என்று கேட்டார். ஒரு முழம் என்றாள். அவர் மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். அடியில் தோண்டினால் மேலே சரியாமல் என்ன செய்யும் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் அதையே மறுபடி சொன்னார்.

பிறகு செகரட்டரி என் பக்கம் திரும்பினார். "பாபிஜி, மேலே உங்க பக்கம் ஏதாவது தோண்டியிருந்தீங்களா?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வையும் இல்லை, மிரட்டுகிற பார்வையும் இல்லை. பேசுகிறேன் என்று சொன்னவள் எப்போது ஆரம்பிப்பாள் என்று காத்திருக்கிற பார்வை.

"இல்லை. மழைதான்" என்றேன்.

அவள் வாயைத் திறந்திருக்கலாம். வாழை இருந்த இடத்தைப் போய்ப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை போதும். அவள் பேசாததற்கு, இரண்டு வீட்டு வேலை போய்விடும் என்ற பயமும் இருக்கலாம். அதைக்கூட நான் எனக்குச் சாதகமாகத்தான் அன்று நினைத்துக்கொண்டேன். பாத்திரம் தேய்க்கிறவள் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள் என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இத்தனை வருஷத்தில் என்மேல் எனக்கு அருவருப்பு வந்த நேரங்களில் அதுதான் மோசமானது.

குவார்ட்டர்ஸ் இல்லாதவர்கள் இனிமேல் சரிவில் பயிர் செய்யக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதைக் கேட்டதும் அவள் கிளம்பிப் போய்விட்டாள். கீழ்த் துண்டைச் சும்மா விட்டால் யாராவது குடிசை போட்டுவிடுவார்கள் என்று ஒரு கவலை எழுந்தது. "பாபிஜியே பார்த்துக்கட்டும், அவங்கதான் ஒழுங்கா செய்யறாங்க" என்றார் செகரட்டரி. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நாலு வருஷம் சாணமும் இலைச் சருகும் போட்டுப் பதப்படுத்திய என் மேல்மண் அங்கேதான் கிடந்தது. என் மண்ணைப் பின்தொடர்ந்து நான் போனேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "நல்லதாப் போச்சு விடு" என்றார். எது நல்லதாகப் போனது என்று நான் கேட்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் அவள் தகர வீட்டைக் காலி செய்துகொண்டு சிப்பிகாட் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகிற அன்று என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள் என்று எதிர்பார்த்து நான் கதவைச் சாத்திவைத்திருந்தேன். அவள் வரவில்லை. அவள் போன பிறகுதான் கீழ்த் துண்டில் மண்வெட்டி வைத்தேன்.

மூடிய பள்ளத்தின் மேல் அடுத்த பருவத்தில் வெண்டை போட்டேன். புது மண், காற்றோட்டம், ஈரம் எல்லாம் சேர்ந்து எனக்கு இதுவரை வராத வெண்டை அங்கே வந்தது. எல்லோரும் கைராசி என்று சொல்கிற வெண்டை அதுதான்.

போன மாதம், சித்திரை வெயிலில், டாலிகஞ்ச் கடைகளுக்கு முன்னால் அவளைப் பார்த்தேன். சாக்கு விரித்துப் பசலைக் கீரை விற்றுக்கொண்டிருந்தாள். தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்தேன், அதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள். தீதி என்றாள். நானும் தீதி என்றேன். அண்ணன் வீட்டு மண்ணில் உப்பு ஏறியிருப்பதால் டின்னிலும் சாக்கிலும் வளர்ப்பதாகச் சொன்னாள். மகள் ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் வேலைக்குப் போகிறதாம். நான் ஒரு கட்டு கீரை கேட்டேன். அவள் கீரையின் வேரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பள்ளத்த மூடினியே, மிதிச்சு மூடினியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் திட்டுவாள் என்று நின்றேன். அன்று ஏன் பேசவில்லை என்று கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேனோ என்னவோ. அவள் அதைக் கேட்கவில்லை.

"சும்மா மண்ண அள்ளிப் போட்டிருந்தா அது நிக்காது தீதி. இந்த மழைக்கோ அடுத்த மழைக்கோ மறுபடி எறங்கும். கீழ இருக்கறவங்ககிட்ட சொல்லி வை, பாவம்." கட்டைக் காகிதத்தில் சுற்றி என் பையில் வைத்துவிட்டு, யோசித்துக் கேட்டாள். "கீழ இப்ப யாரு?"

"நான்தான்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அச்சா" என்றாள். பிறகு என் பின்னால் நின்றவரிடம் எத்தனை கட்டு வேண்டும் என்று கேட்டாள்.